புள்ளி வைக்கும் விரல்

பிரிஸ்கில்லாவுக்கு வந்த வலி கை முழுக்க வரவில்லை. வலது சுண்டுவிரலில் தொடங்கி, உள்ளங்கையின் வெளி ஓரமாகவே இறங்கி, மணிக்கட்டில் புடைத்து நிற்கும் எலும்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்ற நான்கு விரல்களும் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல இருந்தன. இடது கைக்கு ஒரு குறையும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் தைலத்தைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பிரிஸ்கில்லாவும் தேய்த்தாள். ஆனால் தேய்க்கும்போதே அவளுக்குள் ஒரு கேள்வி ஓடியது. பத்து விரலும் ஒரே கீபோர்டில்தானே வேலை பார்க்கின்றன? அப்படியிருக்க இந்த ஒன்று மட்டும் ஏன்?

அவள் சுபாவமே அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்கனின் ஒரு கட்டை மட்டும் அடைத்த குரலில் ஒலித்தால், பிரசங்கம் முடிகிறவரை அவள் கவனம் அந்தக் கட்டையை விட்டு நகராது. வெளியே வந்ததும் வாசித்தவரைப் பிடித்து, அது எப்போதிருந்து இப்படி என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

ராஜபாளையத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் கௌதம்ராஜ் நடத்தும் டைப்பிங் கடையில் அவளுக்கு வேலை. கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், முனிசிபாலிட்டிக்கு மனு, வக்கீல்கள் அனுப்பும் கோர்ட்டுக் காகிதங்கள் என்று நாள் முழுக்கத் தமிழ் டைப்பிங். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். இருட்டும் முன் திரும்பிப் போவாள். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் பாஸ் செய்த கை. கீபோர்டைப் பார்க்க மாட்டாள். கண் காகிதத்தில் இருக்கும், விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். அந்தச் சந்தில் இருக்கும் பத்திர எழுத்தர்கள், அவசரம் என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

இப்போது அந்தக் கையால் மதியத்துக்குமேல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் மணிக்கட்டின் வெளிப்பக்கம் சுள்ளென்றது. டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். மாத்திரை போட்டால் வலி போனது. நிறுத்தினால் வந்தது.

அவள் கணவன் ஆல்வின் நூல் மில்லில் ஃபிட்டர். இரவுச் சாப்பாட்டின்போது அவள் இடது கையால் குழம்பு ஊற்றுவதைச் சில நாட்களாகக் கவனித்துவிட்டு, ஒருநாள் அவனே பேச்சை எடுத்தான்.

"ஏட்டி, ஒரே பேரிங் திரும்பத் திரும்பப் போவுதுன்னா நாங்க பேரிங்கை மட்டும் மாத்திட்டு வர மாட்டோம். அது எதுக்குப் போவுதுன்னு பாப்போம். உன் கைக்கு அதை யாரும் பாக்கலையே."

அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான். ஆனால் கையை எங்கே கொண்டுபோய்க் காட்டிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பிசியோதெரபி பலகை தொங்குவது ஞாபகம் வந்து, மறுநாள் சாயங்காலம் படியேறினாள்.

அங்கே இருந்தவள் கிருபாபாய். பிரிஸ்கில்லாவைவிடப் பத்து வயதாவது இளையவள். பெரும்பாலும் முழங்கால் வலிக்காரர்களும் கழுத்துப் பிடித்தவர்களும்தான் அவளிடம் வருவார்கள். சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்ததும் அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. விரலை மடக்கச் சொன்னாள், விரிக்கச் சொன்னாள், மணிக்கட்டை உள்ளே ஒடித்து வெளியே ஒடித்து எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். பிறகு ஒரு வெற்று மேசையைக் காட்டி, கீபோர்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு டைப் அடித்துக் காட்டச் சொன்னாள்.

பிரிஸ்கில்லா மனப்பாடமாக இருந்த ஒரு கிரயப் பத்திரத்தின் முதல் பத்தியை வெறும் மரப்பலகையில் அடித்தாள். கிருபாபாய் குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தச் சுண்டுவிரல் மத்த விரலையெல்லாம் விட அதிகமாக் குதிக்குது. அது என்ன வேலை பாக்குது?"

பிரிஸ்கில்லா அந்த விரலை மேசையில் மறுபடி தட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அடித்த கை அது. ஆனால் அந்த விரல் எந்தெந்த எழுத்தை அடிக்கிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. விரல்களுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

இங்கிலீஷ் டைப்பிங் தனக்குத் தெரியும் என்றும், அதில் இந்த விரலுக்கு இத்தனை வேலை கிடையாது என்றும் கிருபாபாய் சொன்னாள். தமிழில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்து வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்றாள். வலி வந்திருப்பது சதையிலோ எலும்பிலோ இல்லை, விரலை இழுக்கிற தசைநாணில். விரல் எட்டி எட்டிப் போகும்போதெல்லாம் மணிக்கட்டும் வெளிப்பக்கமாக ஒடிகிறது, அதனால் இரண்டு இடத்திலும் உரசல் என்று விளக்கினாள். கொஞ்சம் வெந்நீர் ஒத்தடமும் விரல் பயிற்சியும் சொல்லி அனுப்பினாள்.

பிரிஸ்கில்லாவுக்கு அன்று பஸ் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. மறுநாள் கடை திறந்ததும் விமலைக் கூப்பிட்டாள். விமல் அங்கே பேனர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவன். அவன் தன் போனை அட்டைப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, அவள் கைகளை மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். வீடியோவில் விரல்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நகர்ந்தன. வலது சுண்டுவிரல் மட்டும் ஓயவே இல்லை. ஒரே கட்டையில் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, நடுவில் மேலே ஒரு கட்டைக்கு எட்டி, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. அந்தப் பழைய இடம் எது என்று அவள் கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. புள்ளி.

க், ங், ச், ஞ் என்று எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி. பழைய டைப்ரைட்டர் முறையில் அது வலது சுண்டுவிரலின் கீழ் இருந்தது. அதே விரல் மேலே எட்டினால் கி, மி, சியில் வருகிற கொக்கி. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எட்டினால் கீ, மீ. போதாக்குறைக்கு என்டரும், தப்பை அழிக்கிற பேக்ஸ்பேஸும் அந்தப் பக்கமே. வட்டம் என்று அடித்தால் இரண்டு புள்ளி. கிராமம் என்றால் ஒரு கொக்கி, ஒரு புள்ளி. தன் பெயரை அடித்துப் பார்த்தாள். 'பிரிஸ்கில்லா' முழுக்கச் சுண்டுவிரல்தான் குதித்தது. மற்ற விரல்கள் ஒப்புக்கு வந்துபோயின.

ஒரு பழைய கிரயப் பத்திரத்தைத் திறந்து, அதில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே எண்ணச் சொன்னாள். நாலு பக்கத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டிப் போயிருந்தது. புள்ளியே இல்லாமல் தமிழ் எழுத முடியாதா என்று விமல் கேட்டான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. புள்ளி இல்லாத வாக்கியம் ஒன்றாவது கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தாள். 'இது எனது காலை உணவு' என்பது அகப்பட்டது. புள்ளியும் இல்லை, கொக்கியும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாருக்கு எதை விற்க முடியும்? கிரயப் பத்திரத்தில் புள்ளியில்லாமல் ஒரு வரி நகராது.

எதனால் வலிக்கிறது என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் தெரிந்ததால் வலி குறையவில்லை. அந்தச் சமயம் பார்த்து கடைக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு பழைய பாகப்பிரிவினை வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகிறது. கையால் எழுதிய சாட்சி வாக்குமூலங்களை எல்லாம் டைப் செய்து கொடுக்க வேண்டும். வக்கீல் கெடுவும் வைத்திருந்தார். கௌதம்ராஜ் கட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் கையில் சுற்றியிருந்த துணிப் பட்டையைப் பார்த்தார். உள்ளே போய் யாருடனோ போனில், தன் வீட்டு மொழியான தெலுங்கில் பேசினார். குரலில் கவலை இருந்தது.

விமலுக்கு ஒரு யோசனை தோன்றியது. கையே வேண்டாம், வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்றான். மைக்கை மாட்டிக்கொண்டு தானே வாக்குமூலத்தை வாசிக்கவும் ஆரம்பித்தான். எழுத்து மளமளவென்று வந்து விழுந்தது. பிரிஸ்கில்லா பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்த்தாள். பிறகு படித்துப் பார்த்தாள். சாட்சி தனுஷ்கோடி, தனுஷ் கோடி ஆகியிருந்தார். பால்ச்சாமி என்பவர் பாலாகவும் சாமியாகவும் பிரிந்துபோயிருந்தார். கிரயம் என்று சொன்ன இடத்திலெல்லாம் கிராமம் என்று இருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தபோதெல்லாம் ஒரு வரி காணாமல் போனது. ஹாரனைத் தாண்டிக் கேட்கட்டும் என்று விமல் இன்னும் சத்தமாக வாசித்தான்.

அப்படியே இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பின் தெருவிலிருந்து ஆவுடையம்மாள் என்ற பெண்மணி ஒரு மனு எழுத வந்தார். கடையை ஒட்டியிருக்கும் தங்கப்பாண்டியனின் டீக்கடையிலிருந்து கழிவுநீர் தன் வீட்டு வாசலுக்கு வருகிறது என்று முனிசிபாலிட்டிக்குப் புகார். பக்கத்துக் கடை என்பதால் அந்த அம்மாள் விஷயத்தைக் காதோடு காதாகத்தான் சொன்னார். துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். விமல் அதை வாங்கி, மைக்கைச் சரிசெய்துகொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்.

"மேற்படி தங்கப்பாண்டியன் என்பவர் தமது டீக்கடைக் கழிவுநீரைக் கமா துர்நாற்றம் வீசும் வகையில் கமா எனது வாசலில் விட்டு வருகிறார் முற்றுப்புள்ளி."

பதினோரு மணி டீயைக் கம்பித் தூக்கில் எடுத்துக்கொண்டு தங்கப்பாண்டியன் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு, மனு முடிகிறவரை பொறுமையாக நின்று கேட்டார். ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்ததும் தங்கப்பாண்டியன் தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். டீயும் அவரோடு போய்விட்டது.

கௌதம்ராஜ் கோபக்காரர் அல்ல. ஆனால் அன்று விமலை நிற்க வைத்துப் பேசினார்.

"இந்தக் கடைக்கு வாறவுக எல்லாம் வீட்டு விஷயத்தக் கொண்டு வாராக. நாம வாய மூடிக்கிட்டு அடிச்சிக் குடுப்போம்னு நம்பித்தான் வாராக. இனிமே இங்க வாயால டைப் அடிக்கப்படாது."

அன்றோடு குரல் டைப்பிங் முடிந்தது. கட்டுக் காகிதம் மறுபடி பிரிஸ்கில்லாவின் மேசைக்கு வந்தது. அவள் வலியோடு அடிக்க ஆரம்பித்தாள்.

தங்கப்பாண்டியன் டீ அனுப்புவதை நிறுத்திவிட்டார். இத்தனை நாளும் காலை பதினோரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் டீ மேசைக்கே வந்துவிடும். ஒரு கையால் குடித்துக்கொண்டே மறுகையால் அடிப்பாள். இப்போது டீ வேண்டுமென்றால் சந்தைத் தாண்டி, மெயின் ரோட்டைக் கடந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கும் கடைக்கு நடக்க வேண்டும். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். பிரிஸ்கில்லாவும் நடந்தாள். நின்று குடித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு திரும்பி வருவாள்.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது, தான் வலது கையால் கம்பியைப் பிடித்திருப்பதை அவள் கவனித்தாள். எப்போது பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சுள்ளென்று ஒன்றும் வரவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தாள். லேசாக இருந்தது, முன்புபோல இல்லை.

அவளுக்குச் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. இந்த வாரம் வேலை குறையவில்லை, கூடித்தான் இருந்தது. புள்ளி அதே புள்ளி. மாத்திரையை நிறுத்தி நாளாகிவிட்டது. ஒத்தடம் போன வாரமும் கொடுத்தாள், அப்போது குறையவில்லை. பிறகு எது மாறியது? யோசித்து யோசித்து, மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது பிடி கிடைத்தது. டீ.

ஆனால் அவள் உடனே நம்பிவிடவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ கொண்டுபோனாள். மற்றவர்கள் நடந்துபோகும்போது தான் மட்டும் இடத்தை விட்டு எழாமல் குடித்தாள். செவ்வாயும் அப்படியே. செவ்வாய் சாயங்காலம் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கவில்லை. புதன்கிழமை பிளாஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டு நடந்தாள்.

கிருபாபாயிடம் இரண்டாம் முறை போனபோது, புள்ளிக் கதையையும் டீக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். கிருபாபாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிய வேணும்னே திரும்ப வரவழைச்சுப் பாத்த ஆளை நான் இப்பத்தான் பாக்கேன் அக்கா."

பிறகு நிதானமாகப் பேசினாள். தசைநாணுக்கு வேலை செய்வது பிரச்சினை இல்லை, விடாமல் செய்வதுதான் பிரச்சினை. செத்த நேரம் விட்டுக் கொடுத்தால் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். வலி வந்த பிறகு எழுவதைவிட, வலி வருவதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை கையைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் நின்றாலும் போதும் என்றாள். பேசிக்கொண்டே இருந்தவளுக்கு, அந்த மேசையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை ராஜபாளையத்துக்குத் துணி எடுக்க வருகிறவள் கடைக்கும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

சொன்னபடியே வந்தாள். பிரிஸ்கில்லாவை வழக்கம்போல அடிக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மேசை உயரம், அது முன்னால் ஜெராக்ஸ் கவுண்டராக இருந்த பலகை. நாற்காலி தாழ்வு. அதனால் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன, மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. பார்த்து அடிக்க வேண்டிய காகிதத்தைக் கீபோர்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிக் கையை நீட்டி அடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அப்படித்தான். இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டபோது, தான் எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

நாற்காலியை ஏற்றினார்கள். ஏற்றியதும் கால் தரையில் எட்டவில்லை. கௌதம்ராஜே ஏ-ஃபோர் காகிதப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து காலுக்கடியில் போட்டார். காகிதத்தை நிமிர்த்தி வைக்க ஆல்வின் ஒரு சாய்வுப் பலகை செய்துகொடுத்தான். அது கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றது. முழங்கை உடம்போடு ஒட்டி, மேசை மட்டத்துக்கு வந்தது. முதல் நாள் யாரோ வேறொருவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நாலைந்து நாளில் பழகிவிட்டது.

மிச்சமிருந்தது புள்ளி ஒன்றுதான். விமல்தான் அதையும் கண்டுபிடித்து வந்தான். தமிழ் 99 என்று வேறொரு விசைப்பலகை முறை கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது என்று படத்தைத் திறந்து காட்டினான். பிரிஸ்கில்லா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. சுண்டுவிரலுக்கு ந, ய, ச என்று சில எழுத்துகள் இருந்தன. ஆனால் கொக்கி இடது கைக்குப் போயிருந்தது. புள்ளியும் இடது கையின் ஆட்காட்டி விரலுக்குக் கீழே இருந்தது. இருக்கிற விரல்களில் பலமான ஒன்று.

அவளுக்கு உடனே அடித்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது. கூடவே பயமும் வந்தது. ஹையர் பாஸ் செய்த கை, பழகிய எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஒற்றை ஒற்றை எழுத்தாகத் தேட வேண்டும். பத்திர எழுத்தர்கள் அவசரத்துக்குத் தேடி வரும் ஆள் அவள். கோர்ட்டு வேலை வேறு பாதியில் நிற்கிறது. அன்று முழுக்க யோசித்துவிட்டு, கடை சாத்தும் நேரத்தில் கௌதம்ராஜிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் வேற மாதிரி டைப் அடிக்கப் படிக்கப் போறேன். கொஞ்ச நாளைக்கு ரொம்ப மெதுவாத்தான் வரும்."

"எம்புட்டு மெதுவா?"

"புதுசா வந்த பிள்ளை மாதிரி."

அவர் கட்டுக் காகிதத்தைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"கோர்ட்டு வேலையை வச்சிக்கிட்டாம்மா?"

"பழையபடி அடிச்சா இந்த வேலை முடிஞ்சிரும் அண்ணாச்சி. அடுத்த வேலைக்குக் கை இருக்குமான்னு தெரியல."

கௌதம்ராஜ் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஒருவர் உடம்பு கெட்டு வருகிற வேலை தனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்ல அவர். வக்கீலுக்கு போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று கேட்டார். வக்கீல் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். வாக்குமூலங்களில் பாதியைத் தானே அடிப்பதாக விமல் எடுத்துக்கொண்டான். அவன் டைப்பிங் படித்தவன் இல்லை, இரண்டு விரல்காரன். ஆனாலும் டீக்கடை விஷயத்தில் அவனுக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது.

முதல் வாரம் படுமோசமாகப் போனது. அவள் மறந்தாலும் விரல் மறக்கவில்லை. புள்ளி வர வேண்டிய இடம் வந்ததும், வலது சுண்டுவிரல் தானாகவே குதித்துப் பழைய கட்டையில் விழுந்தது. புது முறையில் அந்தக் கட்டையில் இருந்தது ந. வட்டம் என்பது 'வடநடமந' என்று வந்தது. கிரயம் 'கிரயமந' ஆனது. ஒரு பக்கம் முடித்துப் பார்த்தால் திரை முழுக்க ந மொய்த்துக் கிடந்தது. பத்திரம் வாங்க வந்த எழுத்தர் ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்ப் பாஷை என்று கேட்டார். அவருக்கு விளையாட்டுதான். அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

ஆனால் அவர் போன பிறகு அவள் அந்தப் பக்கத்தை அழிக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ந-வும் அந்த விரல் ஒருமுறை குதித்த இடம். கண்ணுக்குத் தெரியாமல் இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலையை விரல் முதல்முறையாக எழுத்தில் போட்டுக் காட்டியதுபோல இருந்தது. பாவம் என்று நினைத்துக்கொண்டாள். இடது கையால் அதை ஒருமுறை நீவிவிட்டாள்.

இரண்டாம் வாரம் ஒரு மதியம், பட்டா என்று அடிக்க வேண்டியிருந்தது. ட அடித்து, புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் மறுபடி ட-வைத் தட்டிவிட்டாள். தப்பை அழிக்கப் போனவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். முதல் ட-வின் தலையில் புள்ளி இருந்தது. அவள் வைக்கவே இல்லை. சந்தேகத்தோடு க-வை இரண்டு முறை தட்டினாள். க்க. ந-வையும் த-வையும் சேர்த்துத் தட்டினாள். ந்த. சத்தமாகச் சிரித்துவிட்டாள். என்னவோ ஏதோ என்று விமல் எழுந்து வந்தான்.

"ஏலே, புள்ளி தானா வருதுடா."

அவனும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். ம்ப வந்தது. ங்க வந்தது. எதற்கெல்லாம் வரும், எதற்கு வராது என்று இரண்டு பேரும் நின்றபடியே சோதித்துக்கொண்டிருந்தார்கள். கௌதம்ராஜ் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

அதற்குப் பிறகு வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழைய வேகம் முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவசரம் என்று வருகிறவர்களைச் செத்த நேரம் உட்காரச் சொல்லும் வழக்கத்துக்கு அவள் வந்திருந்தாள். சில பேர் வேறு கடைக்குப் போனார்கள். அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். வாக்குமூலங்கள் முடிந்து வக்கீலிடம் போயின. வலி அடியோடு போய்விடவில்லை. மலைப்பக்கம் மேகம் கட்டி, வேலையும் சேர்ந்துகொள்ளும் நாட்களில் மணிக்கட்டு லேசாக முணுமுணுக்கும். அப்போது எழுந்துவிடுவாள். பாட்டில் மூடியை அவளே திறந்தாள்.

ஆவுடையம்மாளின் வாசலுக்கு முனிசிபாலிட்டி வருவதற்குள் தங்கப்பாண்டியனே குழாய் பதித்துக் கழிவுநீரை மூடிய சாக்கடைக்குத் திருப்பிவிட்டார். கோபம் தணிந்து டீயும் அனுப்பத் தொடங்கினார். பிரிஸ்கில்லாவின் மேசைக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்கு மறுபடி சுருக்கென்று ஆகிவிட்டது. தான் எழுந்து வந்து இங்கேயே நின்று குடிப்பதாக அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. கொஞ்ச நாளில் விமலும் அவளோடு எழுந்து வர ஆரம்பித்தான். அவனுக்கு மவுஸ் பிடிக்கும் கட்டைவிரலில் ஏதோ பிடித்த மாதிரி இருக்கிறதாம். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீடியோ எடுக்க வேண்டும் என்றாள்.

ஐப்பசி மழை பெய்த ஒரு சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. கண்டக்டர் இருக்கைகளுக்கு நடுவே புகுந்து டிக்கெட் மெஷினைத் தட்டித் தட்டிச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். பிரிஸ்கில்லாவுக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் போவதற்கு முன் இடது கையை ஒருமுறை உதறிக்கொண்டார்.

"அண்ணே, கை வலிக்கா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"உதறுனீங்களே. பெருவிரலா?"

"தட்டுறது பெருவிரல். ஆனா வலிக்கிறது இங்க," என்று இடது முழங்கையைக் காட்டினார் அவர். "தட்டுறது இந்தக் கைகூட இல்ல. எதுக்கு இங்க வலிக்கின்னு எனக்கே தெரியல."

விசில் ஊதி, இரண்டு பேரை இறக்கிவிட்டு, அவர் முன்னால் நகர்ந்தார். பிரிஸ்கில்லாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் உட்காரவில்லை. இடது கையில் அவர் எதைப் பிடிக்கிறார், எவ்வளவு நேரம் பிடிக்கிறார், பஸ் குலுங்கும்போது அந்தக் கையை எங்கே ஊன்றுகிறார் என்று, ஆட்களின் தலைகளுக்கு இடையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.